மேபல்வெல்லில் பெயர் கூப்பிடும் நாள்

நான் ஓட்டிவரும் வாடகை வானுக்குள் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டால் சட்டிபானை என்று சொல்ல வேண்டும். எத்தனை நாள் நிற்பீர்கள் என்று கேட்டால் இரண்டு நாள். ரோவில் என்ற ஊர்ப்பெயரை வாயிலேயே எடுக்கக் கூடாது. இந்த மூன்று கட்டளையையும் என் தங்கை யாமினி தொலைபேசியில் என்னைக்கொண்டு இரண்டு தரம் திருப்பிச் சொல்ல வைத்தாள். நான் மெல்பேர்னில் பதினெட்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவன். நாள் முழுக்க 'குட் மோர்னிங்' தவிர வேறொன்றும் பேசாமல் காலம் தள்ளுகிறவனுக்கு வாயைப் பூட்டக் கற்றுக்கொடுத்தாள்.

"விளங்கிச்சுதோ அண்ணா?"

"விளங்கிச்சு."

"சும்மா விளங்கிச்சு எண்டு சொல்லாதேங்கோ. அண்ணிக்கும் சொல்லிப்போடாதேங்கோ."

அண்ணிக்கு, அதாவது என் மனுசிக்கு, நான் முதல்நாளே சொல்லியிருந்தேன். அதை யாமினிக்குச் சொல்லவில்லை.

செப்டெம்பர் கடைசியில் ஒரு வியாழக்கிழமை விடிய வாடகை வானை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டேன். முதல்நாள் இரவு போர்ட் அகஸ்டாவில் தங்கல். அதற்கு வடக்கே போகப் போக மரம் குட்டையாகி, பிறகு பற்றையாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. சிவப்பு மண், அதற்கு மேலே வானம், நடுவில் ஒரு ரோட்டு. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் எதிரே ஒரு லொறி வந்தால் அதை ஓட்டுகிறவன் ஒரு விரலைத் தூக்கிக் காட்டுவான். மெல்பேர்னிலும் விரலைக் காட்டுவார்கள், ஆனால் அது வேறு விரல்.

மேபல்வெல்லுக்கு வெள்ளிக்கிழமை மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். பதினொரு குடும்பம், ஒரு பப், பெற்றோல் நிலையத்தோடு ஒரு கராஜ், தபால் கந்தோரும் கடையும் ஒன்றாய் ஒரு தகரக் கட்டடம், ஒரு கிளினிக், ஏழு பிள்ளைகளோடு ஒரு பள்ளிக்கூடம், ரயில் வராத ஒரு ரயில் நிலையம். யாமினி இந்தக் கிளினிக்கில் மூன்று வருஷமாகத் தாதி. அவளுடைய புருஷன் அருந்தவன் கராஜில் மெக்கானிக். மூன்று வருஷம் நகரத்துக்கு வெளியே இருந்து வேலை செய்தால்தான் நிரந்தர விசா என்று வந்தவர்கள். அந்த விசா ஜூன் மாதம் கிடைத்துவிட்டது. மெல்பேர்னில் ரோவில் பக்கம் வீடும் வாங்கியாயிற்று, வருகிற வெள்ளிக்கிழமை கதவுத் திறப்புக் கையில் வரும். பிள்ளைகள் இருவருக்கும் அங்கே பள்ளிக்கூடத்தில் இடம் எடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை சாமான்களை ஏற்றிக்கொண்டு போகப் போகிறார்கள்.

இதில் ஒன்றுமே மேபல்வெல்லில் ஒரு குருவிக்கும் தெரியாது.

வானைக் கிளினிக்குக்குப் பின்னாலிருந்த அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோய் விடுவதற்குள் தபால் கந்தோர் வாசலில் இருந்து ஒரு மனுசி கையைத் தட்டி மறித்தார். எழுபது வயதிருக்கும், ஆம்பிளைச் சப்பாத்து, தொப்பிக்குக் கீழே வெயிலில் வெந்த முகம். ஜோன். அந்த ஊரின் தபாலும் கடையும் திருவிழாக் கமிட்டியும் எல்லாம் அவர்தான்.

"யாமினியின் அண்ணன்தானே? நாளைக்கு நடக்கிற ஊர்த் திருவிழாவுக்கா இவ்வளவு தூரம்?"

"ஓம். சட்டிபானை கொண்டுவந்தனான்" என்று அவர் கேட்காததற்கும் சேர்த்து ஆங்கிலத்தில் சொன்னேன்.

ஜோன் இருபதடி வானை முன்னிருந்து பின்வரை ஒருதரம் பார்த்தார். "பெரிய சட்டிதான்" என்றார்.

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் என்பார்கள். எனக்கு வான் முழுக்கக் கனமாய் இருந்தது, அது வெறும் வானாக இருந்தபோதிலும்.

யாமினி கதவைத் திறந்த உடனே முதலில் ரோட்டைப் பார்த்தாள், பிறகுதான் என்னைப் பார்த்தாள். மெலிந்திருந்தாள். நான் ஸ்பிரிங்வேலில் வாங்கிக் கொண்டுவந்த முருங்கையிலையையும் கறிவேப்பிலையையும் கையில் கொடுத்தேன். கறிவேப்பிலைப் பையைப் பிரித்து முகத்தருகே வைத்து மணந்து பார்த்தாள். பிறகு குசினிக்குள் கொண்டுபோனாள்.

பின்னறையின் யன்னல் சீலைகள் இழுத்து மூடியிருந்தன. உள்ளே தலை உயரத்துக்குப் பெட்டிகள். முன்னறையில் மட்டும் கதிரை, மேசை, சாமிப்படம், பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் அப்படியே இருந்தன. யாராவது வந்து எட்டிப்பார்த்தால் குடும்பம் நூறு வருஷம் இருக்கப்போகிறது என்றுதான் நினைப்பார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றுக்குள் மறைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், இவள் ஒரு வீட்டையே வீட்டுக்குள் மறைத்திருந்தாள்.

ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, நான் கொண்டுவந்த முருங்கையிலையில் ஒரு வறை. இரண்டு நாள் கடைச்சாப்பாடு சாப்பிட்டு வந்தவனுக்கு அது அமிர்தம். ஆனால் எதிரே இருக்கிறவள் ஒரு வாய் வைப்பதும் யன்னலைப் பார்ப்பதுமாக இருந்தால் அமிர்தம் எப்படி இறங்கும்.

"பிள்ளையளுக்குச் சொல்லிட்டியே?"

"இல்லை. லீவுக்கு மாமா வீட்டை போறம் எண்டுதான் சொல்லியிருக்கு."

"வினுஷா சின்னது, சரி. ஸ்ருதிக்குப் பத்து வயசெல்லோ?"

"அவளுக்குத்தான் கனக்கக் கதை. பள்ளிக்கூடத்தில சொல்லிப்போடுவாள். அங்க போய்ச் சேர்ந்தாப்பிறகு சொல்லுவம்."

"எடியே, ஊருக்கும் சொல்லேல்லை, பிள்ளைக்கும் சொல்லேல்லை. களவெடுத்த மாதிரியெல்லோ கிடக்கு."

"உங்களுக்குத் தெரியாதே, அண்ணா?"

எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்தில் இருக்கும்போது இவளுக்கு லண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை சரிவந்தபோது அம்மா எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகச் சொல்லி வாழைப்பழம் கொடுத்தா. பத்தாம் நாள் விசா இல்லை என்று கடிதம் வந்தது. கல்யாணம் முடிந்து முதல்பிள்ளை வயிற்றில் தங்கியபோது இரண்டாம் மாதமே எல்லோருக்கும் சொன்னாள். மூன்றாம் மாதம் அது நிற்கவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து, 'நாவூறு அண்ணா, சொன்னபடியால்தான் போனது' என்று, லீவில் ஊருக்குப் போயிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு ஸ்ருதி ஏழாம் மாதத்தில் இருக்கும்போதுதான் எனக்கே தெரிந்தது. படித்த தாதி, மருந்தும் ஊசியும் கையாளுகிறவள், இந்த ஒரு விஷயத்தில் எவர் சொல்லும் ஏறாது. நல்லது நடந்து முடியுமட்டும் மூச்சு விடக்கூடாது. நான் அதைப் பரிகாசம் செய்கிறவன்தான், ஆனால் என் வீடு பதியுமட்டும் நானும் வேலையிடத்தில் ஒருவருக்கும் சொல்லவில்லை என்பதையும் சொல்லத்தான் வேணும்.

அருந்தவன் கையெல்லாம் கிறீஸோடு பின்கதவால் வந்தான். என்னைக் கண்டு சிரித்தான், ஆனால் கதிரையில் இருக்கவில்லை.

"சாப்பிடுங்கோவன்" என்றாள் யாமினி.

"பசியில்லை. திருவிழா ரயில் எஞ்சினில ஒரு ஒழுக்கு. நாளைக்கு ஓட வேணுமெல்லோ." பிறகு என்னிடம் திரும்பினான். "அண்ணை, நீங்களாவது சொல்லிப் பாருங்கோ. நான் ஆகஸ்ட்டிலேயே சொல்லுவம் எண்டனான். இவ அந்த போர்மில கையெழுத்தைப் போட்டிட்டா."

"என்ன போர்ம்?"

யாமினி கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அருந்தவன்தான் சொன்னான். பள்ளிக்கூடத்தில் ஆறு பிள்ளைகளாவது இருந்தால்தான் அடுத்த வருஷம் திறக்கும் என்று கல்வித் திணைக்களம் ஆகஸ்ட்டில் எழுதிக் கேட்டிருக்கிறது. ஒவ்வொரு தாய்தகப்பனும் பிள்ளை அடுத்த வருஷம் இருக்கும் என்று கையெழுத்து வைக்க வேண்டும். மாட்டுப்பண்ணைக்காரரின் பிள்ளைகள் மூன்று, வாத்தியார் பென்னின் பிள்ளைகள் இரண்டு, எங்களுடையது இரண்டு. மொத்தம் ஏழு. எங்கள் இரண்டும் போனால் ஐந்து.

"வைக்காமல் விட்டால் ஏன் வைக்கேல்லை எண்டு கேப்பினமெல்லோ" என்று குசினிக்குள் இருந்து குரல் வந்தது. "அப்ப வீடு பதியேல்லை. கையெழுத்து வைச்சால் என்ன, போனாப்பிறகு கடிதம் எழுதலாம் எண்டு நினைச்சன்."

"பென்னுக்கு போர்ட் அகஸ்டாவில வேலை கிடைச்சது அண்ணை. ஏழு பிள்ளை இருக்கெண்டு அவன் வேண்டாமெண்டு எழுதிப்போட்டான். எனக்கு இப்ப அவன்ர முகத்தைப் பாக்கேலாமல் கிடக்கு. தினமும் வாறான் எஞ்சினுக்கு எண்ணெய் விட."

"உன்ர முதலாளிக்கு?"

"ரெண்டு கிழமை லீவு எண்டு சொல்லியிருக்கிறன்." அதைச் சொல்லும்போது தலையைக் குனிந்துகொண்டான்.

யாமினி கிளினிக்கை நடத்துகிற தலைமையகத்துக்கு மட்டும் முறையாக அறிவித்திருந்தாள், ஊருக்குச் சொல்லவேண்டாம் என்ற வேண்டுகோளோடு. திங்கட்கிழமை முதல் வாரத்துக்கு ஒரு தாதியாக மாற்றி மாற்றி அனுப்புவார்களாம்.

எனக்கு அந்தக் கறி பிறகு இறங்கவில்லை. தப்பு என்று தெரிந்த ஒரு காரியத்துக்குத்தான் வான் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பின்னேரம் வீட்டுக்குள் இருக்க முடியாமல் ரயில் நிலையத்துப் பக்கம் நடந்தேன். ஜோன் அங்கே கதிரைகள் அடுக்கிக்கொண்டிருந்தார். விடுவாரா? சுவரில் தொங்கிய பழைய படங்களை ஒவ்வொன்றாகக் காட்டி ஊரின் சரித்திரம் சொல்லத் தொடங்கிவிட்டார்.

ஆயிரத்து எண்ணூற்று எண்பதுகளில் தெற்கிலிருந்து ரயில்பாதை வந்தது. நீராவி எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கிணறு வெட்டினார்கள். நில அளவையாளர் அதற்குத் தன் மகள் மேபலின் பெயரை வைத்தார். அந்தப் பிள்ளை அடிலெய்டில் இருந்து கடைசிவரை இந்தப் பக்கம் வரவேயில்லை. கிணற்றில் வந்தது உப்புத் தண்ணீர். அது எஞ்சின் கொதிகலனைத் தின்றது, தேத்தண்ணீரில் ஊற்றினால் பால் திரைந்தது. ஆகவே வியாழக்கிழமைதோறும் தெற்கிலிருந்து ரயிலிலேயே தண்ணீர் வந்தது. மேடையில் நின்று ரயில் கார்ட் குடும்பப் பெயரைக் கூப்பிடுவார். 'இருக்கிறோம்' என்று பதில் வந்தால் அந்தக் குடும்பத்துப் பங்கு ஊற்றப்படும்.

"எல்லோருக்குமா?" என்று கேட்டேன்.

"இல்லை" என்றார் ஜோன், கதிரையை விரித்தபடி. "ஒட்டகம் கொண்டுவந்த ஆப்கானியர் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அவர்கள் பெயர் நாற்பது வருஷம் பட்டியலில் இல்லை. இந்த மண்ணுக்குச் சொந்தக்காரரான ஆதிக்குடிகளின் பெயர் அதைவிட நெடுங்காலம் இல்லை. அவர்கள் உப்புத்தண்ணீர் குடித்தார்கள். இப்போது எல்லாப் பெயரும் இருக்கிறது. அருந்தவன் என்பதை நான் சரியாகச் சொல்லப் பழக ஒரு வருஷம் எடுத்தது."

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளின் தொடக்கத்தில் ரயிலை மேற்கே புதுப்பாதைக்கு மாற்றினார்கள். தண்டவாளங்களைக் கழற்றிய ஒப்பந்தக்காரன் கடைசி மூன்று கிலோமீற்றரை அப்படியே விட்டுவிட்டுப் போனான். அதில்தான் வருஷத்துக்கு ஒருநாள் ஒரு குட்டி டீசல் எஞ்சின் ஒரு தண்ணீர் டாங்கியை இழுத்துக்கொண்டு வரும். பெயர் கூப்பிடுவார்கள். குடும்பத்தில் இளையவர் பதில் சொல்லி ஒரு வாளி தண்ணீர் வாங்க வேண்டும். ஊரைவிட்டுப் போகப்போகிறவர்கள் 'இது எங்களுக்குக் கடைசி' என்று பதில் சொல்வார்கள். அவர்களுக்கு இரண்டு வாளி ஊற்றிக் கைதட்டி அனுப்புவார்களாம்.

"போகிறவர்கள் மேல் கோபமில்லையா?" என்றேன். என் குரல் எனக்கே களவாகக் கேட்டது.

ஜோன் சிரித்தார். "இந்த ஊரின் வேலையே ஆட்களை அனுப்பிவைப்பதுதான். இருநூறு குடும்பத்தை அனுப்பியிருக்கிறோம். போகிறது பிழையில்லை. ஒரே ஒரு பிழைதான் இருக்கிறது இங்கே." ஒரு படத்தைத் தொட்டுக் காட்டினார். மங்கலாக ஒரு வீடு, ஒரு தகர டாங்கி. "இந்தக் குடும்பம் சொல்லாமல் போனது. பக்கத்து வீட்டுக்காரன் நட்புக்காக அவர்களுக்காக 'இருக்கிறோம்' என்று சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று வாரம் ஆளில்லாத வீட்டுக்குத் தண்ணீர் ஊற்றினார்கள். டாங்கி ஒழுகி மண் குடித்தது. தெருமுனையில் பச்சைக் குழந்தையோடு ஒருத்தி அரைப் பங்கோடு இருந்தாள். அவள் என் அம்மாவின் அம்மா."

எனக்கு வியர்த்தது. வடக்குக் காற்று சூடாகத்தான் அடித்தது, ஆனால் அது காற்றினால் வந்த வியர்வையில்லை.

சனிக்கிழமை விடிந்தபோது காற்று இன்னும் கூடியிருந்தது. தகரக்கூரைகள் படபடத்தன, வாயைத் திறந்தால் நாக்கில் மண். ஆனாலும் பத்து மணிக்குள் சுற்றுவட்டாரப் பண்ணைகளில் இருந்தும் தூர ஊர்களில் இருந்தும் நூறு நூற்றைம்பது பேர் வந்துவிட்டார்கள். எங்கள் கொத்துரொட்டி மூன்று வருஷமாக அந்தத் திருவிழாவின் ஓர் அங்கம். மேடைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் கட்டி, தட்டுக்கல்லை வைத்து, ரொட்டியை நானும் யாமினியும் கொத்தினோம். ஈ வேறு. ஒரு கையால் கொத்தி மறுகையால் ஈ கலைக்க வேண்டும்.

பென் வந்தான். முப்பத்தைந்து வயது, செம்பட்டைத் தாடி. "யாமினி, இன்றைக்கு ஒரு நல்ல செய்தி இருக்கிறது. ஜோன் சொல்லுவார்" என்று அவளுடைய தோளைத் தட்டிவிட்டுப் போனான். யாமினியின் கையில் கொத்துகிற தகடு நின்றுபோனது.

"அண்ணா, என்ன செய்தி?"

"எனக்கென்ன தெரியும்? கொத்து, எரியுது."

"நாளைக்கு இந்த நேரம் நாங்கள் ரோட்டில நிப்பம். இன்னும் ஒரு நாள். ஒரு நாள்தான்."

அவள் எனக்குச் சொல்லவில்லை, தனக்குத்தான் சொன்னாள்.

பதினொரு மணிக்கு எஞ்சின் ஊதுகிற சத்தம் தூரத்தில் கேட்டது. புழுதிக்குள்ளிருந்து அந்த மஞ்சள் எஞ்சின் மெல்ல மெல்ல வந்தது. ஓட்டியது அருந்தவன். இரண்டு வருஷம் செத்துக் கிடந்த எஞ்சினை அவன்தான் உயிர்ப்பித்தான் என்று சனம் அவன் பெயரைச் சொல்லிக் கத்தியது. அவன் கை காட்டவில்லை. முகம் கல்லாக இருந்தது.

ஜோன் கார்ட் தொப்பியைப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினார். பட்டியலை எடுப்பதற்குமுன் ஒரு கடிதத்தை எடுத்தார். திணைக்களத்தின் கடிதம். ஏழு பிள்ளைகள் பதிந்திருப்பதால் மேபல்வெல் பள்ளிக்கூடம் அடுத்த வருஷமும் நடக்கும். சனம் தொப்பிகளைத் தூக்கி எறிந்தது. பென்னின் மனுசி ஓடிவந்து யாமினியைக் கட்டிப்பிடித்தாள். யாமினி இரண்டு கையையும் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றாள்.

பிறகு பெயர் கூப்பிடத் தொடங்கினார். ஒரு பெயர், ஒரு பதில், ஒரு வாளி தண்ணீர். தெருமுனையிலிருந்து வரிசையாக. எங்கள் வீடு ஏழாவது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்து. ஆறு.

"அருந்தவன்!" என்று ஜோன் சுத்தமாகக் கூப்பிட்டார்.

"ஹியர்!"

ஏழு வயது வினுஷா, புதுச்சட்டை, இரண்டு பின்னல், தன்னைவிடப் பெரிய வாளியோடு மேடைக்கு ஓடினாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவள் திரும்பி எங்களைப் பார்த்து வாய் முழுக்கச் சிரித்தாள்.

யாமினி என் கையைப் பிடித்தாள். "அண்ணா, பிள்ளை பொய் சொல்லுது."

"பேசாமல் நில்."

"அதுக்குத் தெரியாமலே பொய் சொல்லுது, அண்ணா. நானெல்லோ சொல்ல வைச்சனான்."

தகட்டைக் கல்லில் போட்டுவிட்டு ஏப்ரனோடு போனாள். மறித்திருக்கலாம். மறிக்கவில்லை. மறிக்காததுதான் அந்த இரண்டு நாளில் நான் செய்த ஒரே ஒரு நல்ல காரியம்.

மேடைக்குக் கீழே நின்று, "ஜோன், அதை நிறுத்துங்கள்" என்றாள். ஒலிபெருக்கி அவளிடம் இல்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது. "நாங்கள் இருக்கப்போவதில்லை. நாளைக்குப் போகிறோம். மெல்பேர்னுக்கு. அந்தப் படிவத்தில் நான் கையெழுத்து வைத்தபோதே தெரியும். நான்தான் வைத்தேன், அவர் வேண்டாம் என்றார். பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது."

வினுஷா வாளியை இறக்கி வைக்கத் தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அருந்தவன் எஞ்சினிலிருந்து இறங்கி வந்து யாமினிக்குப் பக்கத்தில் நின்றான். பென் தன் மனுசியைப் பார்த்தான், பிறகு நிலத்தைப் பார்த்தான், பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு பள்ளிக்கூடப் பக்கம் நடந்தான். அவன் ஏதாவது கத்தியிருக்கலாம் என்று எனக்கிருந்தது.

ஜோன் தொப்பியைக் கழற்றினார். கோபமாகப் பேசவில்லை, அதுதான் கொடுமை.

"ஆகஸ்ட்டில் ஒரு தாதி எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பிலிப்பைன்ஸ்காரி. புருஷன், மூன்று பிள்ளைகள். மேபல்வெல்லில் இடம் வருமா என்று கேட்டாள். எங்கள் தாதி இருக்கிறாள், போகமாட்டாள் என்று சொன்னேன். அவர்கள் மேற்கே வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்." யாமினியைப் பார்த்தார். "நீ சொல்லியிருந்தால் உனக்கு இரண்டு வாளி ஊற்றியிருப்போம், யாமினி. அவ்வளவுதான் நடந்திருக்கும்."

பிறகு தொப்பியைப் போட்டுக்கொண்டு எட்டாவது பெயரைக் கூப்பிட்டார். தண்ணீர் முடியுமட்டும் கூப்பிடத்தானே வேண்டும்.

தட்டுக்கல்லில் கொத்துரொட்டி கருகிப் போயிருந்தது. சுரண்டி எறிந்துவிட்டுப் புதிதாகப் போட்டேன். அரை மணித்தியாலம் ஒருவரும் எங்கள் பக்கம் வரவில்லை. பக்கத்தில் சொசேஜ் விற்கிற இடத்தில் வரிசை வளைந்து நின்றது. கடைசியில் மாட்டுப்பண்ணைக்காரர் வந்தார், மூன்று பிள்ளைகளின் தகப்பன். ஒரு தட்டு வாங்கினார். கொஞ்சம் கூட மிளகாய் போடச் சொன்னார். அங்கேயே நின்று சாப்பிட்டு முடித்தார். அதன்பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். யாமினி கண்ணைத் துடைத்துத் துடைத்துக் கொத்தினாள், வெங்காயம் என்று சொல்லிக்கொண்டு. வெங்காயத்தை நான் காலையிலேயே வெட்டி முடித்திருந்தேன்.

ஸ்ருதியைத்தான் காணவில்லை. தேடிப் போனபோது பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஆறு பேரோடும் தண்ணீர் டாங்கிக்குப் பின்னால் நின்றாள். "ஸ்ருதி, வா பிள்ளை" என்றேன். அவள் என்னைப் பார்த்தாள், வரவில்லை. பென்னின் மகள் அவளுடைய கையைப் பிடித்திருந்தாள்.

ஞாயிறு காலை காற்று அடங்கியிருந்தது. மூடியிருந்த யன்னல் சீலைகளை யாமினியே கழற்றினாள். ஊர் முழுக்கப் பார்க்கப் பெட்டிகளை ஏற்றினோம். நான்கு பேர் உதவிக்கு வந்தார்கள், மற்றவர்கள் வரவில்லை. கராஜ் முதலாளி வந்து அருந்தவனின் கையைக் குலுக்கினார், ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. பென் வரவில்லை. அருந்தவன் பள்ளிக்கூட வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டிவிட்டு வந்தான்.

"திறந்தவனோ?"

"திறந்தவன். போர்ட் அகஸ்டா வேலைக்கு வேற ஆளை எடுத்திட்டினமாம். அதைத்தான் சொன்னவன்." கயிற்றை இறுக்கிக் கட்டினான். "நான் சொறி எண்டு சொன்னனான் அண்ணை. அது என்னத்துக்குக் காணும்?"

ஜோன் ஒரு கடதாசியோடு வந்தார். பிள்ளைகள் இருவரும் எந்தத் திகதியிலிருந்து இல்லை என்று யாமினியின் கையால் எழுதித் தர வேண்டும். திங்கட்கிழமை திணைக்களத்துக்கு அவரே அனுப்புவார். அந்தப் பிலிப்பைன்ஸ் குடும்பத்துக்கும் இன்னொரு தரம் எடுத்துப் பார்ப்பாராம்.

"வருவார்களா?" என்று யாமினி கேட்டாள்.

"தெரியாது" என்றார் ஜோன்.

யாமினி வானின் முன்மூடியில் கடதாசியை வைத்து எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

வினுஷா ஏறிவிட்டாள். ஸ்ருதி கிளினிக் வாசல்படியில் இருந்தாள். முதல்நாள் மத்தியானத்திலிருந்து அவள் தாயோடு ஒரு சொல்லும் கதைக்கவில்லை. அருந்தவன் கூப்பிட்டான், வரவில்லை. நான் ஐஸ்கிறீம் என்றேன், திரும்பியும் பார்க்கவில்லை. தூக்கி ஏற்றுகிற வயதும் இல்லை.

யாமினி போய் அந்தப் படியிலேயே அவளுக்குப் பக்கத்தில் இருந்தாள். பிறகு சொல்லத் தொடங்கினாள். அப்படி அவள் சொல்லி நான் ஒருநாளும் கேட்டதில்லை. நடந்து முடியாத ஒன்றை, நாலு பேர் கேட்க, வாய்விட்டு.

"வீடு ரோவிலில. வெள்ளிக்கிழமைதான் திறப்புத் தருவினம். அதுவரைக்கும் மாமா வீட்டில நிப்பம். நாலு அறை. உனக்கும் தங்கச்சிக்கும் வேற வேற அறை. உன்ர அறை யன்னலால ஒரு எலுமிச்சை மரம் தெரியும். அம்மாவுக்கு ஸ்பிரிங்வேல் பக்கம் வேலை. அப்பாவுக்கு இன்னும் வேலை கிடைக்கேல்லை, தேட வேணும். பள்ளிக்கூடத்தில அடுத்த தவணை ஒக்டோபர்ல துவங்குது. நடந்து போற தூரம். எல்லாம் சரிவருமோ எண்டு எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாத்தான் இருக்கு."

ஸ்ருதி நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"ஹவ் மெனி கிட்ஸ்?"

"எங்க?"

"அந்த ஸ்கூல்ல."

"எண்ணூறு பேர் எண்டு நினைக்கிறன்."

ஸ்ருதி எழும்பி, பின்பக்கத்து மண்ணைத் தட்டினாள். வானுக்குப் பக்கத்தில் வந்து ஒரு காலை உள்ளே வைத்துவிட்டுத் தாயைத் திரும்பிப் பார்த்தாள்.

"அப்ப அங்க நாங்கள் இல்லாட்டிலும் ஸ்கூல் மூடாது, என்ன அம்மா?"

அவள் ஏறி இருந்து பெல்ட்டைப் போட்டாள். நான் வானை எடுத்தேன்.